மாடலின் கடைசிக் குறுக்குவெட்டில் என்ன கொடுப்பது? கண்மாய்க்கரையில் நின்று ஓர் ஒப்பீடு

எங்கள் பக்கத்து வீடுகளில் வளவு உண்டு. நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் நடு முற்றத்தில் வந்து விழும். மூலைத் துவாரம் வழியாகத் தெருவுக்குப் போய், தெருவிலிருந்து ஊருணிக்குப் போகும். ஓர் ஐப்பசி அடைமழையில் முற்றத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. இலை தழை அடைத்திருக்கும் என்று அப்பா ஒரு குச்சியை விட்டுத் துவாரத்தைக் குத்திக்கொண்டே இருந்தார். அடைப்பு ஒன்றும் இல்லை. பட்டாலையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா எழுந்திருக்காமலே சொன்னாள்: "குத்தி என்ன பண்ண, ஊருணி நெறஞ்சு போச்சு."

ஆற்று வெள்ளத்தைக் கணினியில் மாடல் செய்கிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் இந்த ஊருணியில் வந்து முட்டிக்கொள்வார்கள். மேல்முனையில் குழப்பம் குறைவு. வருகிற வெள்ளத்தை, மணிக்கு மணி விநாடிக்கு எத்தனை கனமீட்டர் என்று ஹைட்ரோகிராஃபாகக் கொடுத்துவிடலாம். கீழ்முனையில்தான், அதாவது மாடலில் ஆறு முடியும் கடைசிக் குறுக்குவெட்டில்தான், மென்பொருள் ஒரு பட்டியலை நீட்டி "இதில் எது?" என்று கேட்கிறது. ஹெக்-ராஸ் என்ற ஆற்று மாடல் மென்பொருளில் அன்ஸ்டெடி (நேரத்தோடு மாறும்) ஓட்டத்துக்கு அங்கே நார்மல் டெப்த், ஸ்டேஜ் ஹைட்ரோகிராஃப், ரேட்டிங் கர்வ், ஃப்ளோ ஹைட்ரோகிராஃப் என்று இருக்கும். மற்ற மென்பொருள்களிலும் பெயர்தான் கொஞ்சம் மாறும்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு பாலத்துக்கு மாடல் போட்டுக்கொண்டிருந்த தம்பி ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, கீழே நார்மல் டெப்த் குடுத்தா நல்லா ஓடுது. கண்மாய் மட்டத்தைக் குடுத்தா பாலத்துல தண்ணி முக்கால் அடி ஏறுது. எதைப் போடறது?" பாலத்திலிருந்து 1.2 கிலோமீட்டரில் அந்த ஆறு ஒரு கண்மாய்க்குள் நுழைகிறது. இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் நிறையப் பேரிடமிருந்து வந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கணக்குக்காக எண்களை உருட்டி வைத்துக்கொள்வோம். ஆற்றின் அகலம் 30 மீட்டர். சரிவு 2000 மீட்டருக்கு 1 மீட்டர். படுகையின் கரடைக் காட்டும் மானிங் எண் 0.035. ஆழம் 2 மீட்டர் என்றால் விநாடிக்கு 56 கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 2000 கனஅடி போகும். கட்டுரை முழுக்க இந்த ஆறுதான்.

கீழ்முனை ஏன் பேசுகிறது

1871-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சான் வெனான் எழுதிவைத்த இரண்டு சமன்பாடுகளைத்தான் இன்றைக்கும் இந்த மென்பொருள்கள் தீர்க்கின்றன. அவற்றின்படி ஆற்றில் எந்த இடத்திலிருந்தும் செய்தி இரண்டு வேகங்களில் போகும்: ஓட்ட வேகத்தோடு அலை வேகத்தைக் கூட்டிய வேகம் ஒன்று, கழித்த வேகம் இன்னொன்று. நம் ஆற்றில் ஓட்டம் விநாடிக்கு 0.93 மீட்டர், அலை 4.43 மீட்டர். கழித்தால், ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி விநாடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில் செய்தி ஏறுகிறது. கண்மாய் வாயில் மட்டம் உயர்ந்தால் ஆறே நிமிடத்தில் பாலத்துக்குத் தெரிந்துவிடும்.

ஓட்டம் அலையைவிட வேகமாக இருந்தால் செய்தி மேலே ஏறாது. கீழ்முனையில் எதுவும் கொடுக்க வேண்டாம். மலையடிவார ஓடைகளில் அப்படி இருக்கும். சிவகங்கைச் சமவெளியில் அதற்கு வாய்ப்பில்லை. ஆகவே கீழ்முனையில் ஒரே ஒரு தகவல் தேவை: மட்டம், ஓட்ட அளவு, அல்லது இரண்டுக்கும் இடையிலான உறவு. பட்டியலில் இருக்கும் எல்லா வழியும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதல் அளவுகோல்: அந்த இடத்தில் தண்ணீரின் மட்டத்தை உண்மையில் எது தீர்மானிக்கிறது? கண்மாயின் மிகைநீர் வழியும் கலுங்கா, கடலா, ஷட்டரா, ஆற்றின் சொந்தச் சரிவும் கரடும்தானா? கையில் எந்த ஃபைல் இருக்கிறது என்பது இதற்குப் பிறகு வரவேண்டிய கேள்வி. நடைமுறையில் பெரும்பாலும் அதுதான் முதலில் வந்து நிற்கிறது.

இரண்டாவது: இதுவரை வராத வெள்ளத்துக்கும் அது பொருந்துமா? போன வருட வெள்ளத்தைத் திருப்பிக் காட்டுவது ஒரு வேலை. 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தில் பாலம் முங்குமா என்று பார்ப்பது வேறு வேலை. ஒன்றுக்குச் சரியான எல்லை நிபந்தனை (கீழ்முனையில் நாம் கொடுக்கும் தகவல்) இன்னொன்றுக்குத் தவறாகலாம்.

மூன்றாவது: நீங்கள் கொடுக்கும் மதிப்பில் தவறு இருந்தால் அது எவ்வளவு தூரம் மேலே ஏறும்? இதற்கு 1989-இல் சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் கொடுத்த எளிய விதி ஒன்று உண்டு: ஆழத்தைச் சரிவால் வகுத்து 0.7-ஆல் பெருக்கவும். அந்தத் தூரத்தில் கீழ்முனைத் தவறு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். நம் ஆற்றுக்கு 2.8 கிலோமீட்டர் வருகிறது. பாலம் 1.2 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே தவறில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேயே மிச்சம் இருக்கும். தம்பியின் முக்கால் அடி எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். பாலம் 6 கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தால் எதைப் போட்டாலும் ஒன்றுதான். அந்தத் தொலைபேசி அழைப்பே வந்திருக்காது.

இவை போக, தரவு கிடைக்குமா, மாடல் அடம்பிடிக்காமல் ஓடுமா என்பவையும் உண்டு. அவற்றை ஒவ்வொரு வழியிலும் பார்த்துக்கொள்ளலாம்.

நார்மல் டெப்த்

எல்லாரும் முதலில் கை வைப்பது இதில்தான், ஏனென்றால் ஒரே ஒரு எண் போதும்: உராய்வுச் சரிவு. அதைக் கொடுத்துவிட்டால் மென்பொருள் மானிங் சூத்திரத்தை வைத்து ஒவ்வொரு நேரத்திலும் ஓட்டத்துக்கு ஏற்ற ஆழத்தைப் போட்டுக்கொள்ளும். கீழே ஆறு இதே போல முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று நாம் சொல்வதாக அர்த்தம்.

அந்த ஒரே எண்ணில்தான் சிக்கல். எங்கிருந்து எடுப்பது? எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை இறக்கி, கடைசி 2 கிலோமீட்டரில் சரிவு பார்க்கிறார்கள். அந்தத் தூரத்தில் நம் ஆறு இறங்குவதே 1 மீட்டர். விண்வெளியிலிருந்து அளந்த அந்த உயரத்தில் பிழையே சில மீட்டர் இருக்கும். வருவது சரிவே இல்லை, அதிர்ஷ்டச் சீட்டு. சர்வே செய்த குறுக்குவெட்டுகள் இருந்தாலும் கடைசி இரண்டை மட்டும் கழித்துப் பார்க்கக் கூடாது. மணல் அள்ளிய குழியில் ஒன்று விழுந்திருந்தால் ஆறு மேடேறுவது போல வரும். மூன்று நான்கு கிலோமீட்டருக்குப் படுகையின் அடிமட்டத்தை வரைந்து, நடுவே ஒரு கோடு இழுத்து எடுப்பதுதான் வழி.

சரிவைத் தவறாகக் கொடுத்தால் என்ன ஆகும்? 2000-க்கு 1 என்பதற்குப் பதில் 1000-க்கு 1 என்று போட்டுவிட்டோம் என்று வையுங்கள். 2 மீட்டர் இருக்கவேண்டிய ஆழம் 1.62 ஆகிவிடும். கீழ்முனையில் 38 சென்டிமீட்டர் தவறு, 1.2 கிலோமீட்டர் மேலே பாலத்தில் சுமார் 14, 2.8 கிலோமீட்டரில் நான்கு சென்டிமீட்டர்கூட இல்லை. இவ்வளவுதானா என்றால், சரிவைப் பொறுத்தவரை இவ்வளவுதான். அதைவிடப் பெரிய ஆள் சீமைக்கருவேலம். ஆற்றுக்குள் அது அடர்ந்துகிடக்கும் இடத்தில் மானிங் எண் 0.035 என்பது பொய்க்கணக்கு. அதை இரட்டித்து 0.07 ஆக்கினால் ஆழம் ஒன்றரை மடங்கையும் தாண்டுகிறது: 2 மீட்டர் இருந்த இடத்தில் 3.1 மீட்டர். சரிவுக்காக ஒரு நாள் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் மானிங் எண்ணைப் பழைய அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது புரிந்ததே இல்லை.

நார்மல் டெப்த் சொல்லாத விஷயம் இன்னொன்றும் உண்டு. வெள்ளம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே ஓட்டத்துக்கு ஒரே மட்டத்தைத்தான் அது கொடுக்கும். உண்மை ஆறு அப்படி நடப்பதில்லை. இதை ரேட்டிங் கர்வில் பார்ப்போம்.

எப்போது நல்லது? கீழே கண்மாய், அணைக்கட்டு, பாலம், கடல் எதுவும் கிட்டத்தில் இல்லாத நீண்ட சீரான ஆறு. உங்கள் இடத்துக்கும் மாடலின் முனைக்கும் நடுவே சாமுவேல்ஸ் தூரத்தைப் போல இரண்டு மடங்கு இடம். கையில் வேறு தரவு இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் தயங்காமல் போடலாம். சர்வேக்கு இன்னும் 3 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருப்பதுதான் இதன் உண்மையான விலை.

எங்கள் பக்கம் அந்த 3 கிலோமீட்டர் கிடைப்பதுதான் கஷ்டம். ஆறு கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு கண்மாய் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். வைகையே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்த்தான் விழுகிறது.

ஸ்டேஜ் ஹைட்ரோகிராஃப்

நேரத்துக்கு நேரம் மட்டம் இவ்வளவு என்று அளந்த பட்டியலைக் கொடுப்பது. பார்ப்பதற்கு இதைவிட நேர்மையான வழி இல்லை. ஊகமே கிடையாது, அளந்ததுதானே?

அளந்ததுதான். ஆனால் அந்த மட்டத்துக்குள் அன்றைக்கு வந்த வெள்ளம் ஒளிந்திருக்கிறது. விநாடிக்கு 30 கனமீட்டர் வந்த நாளில் கண்மாய் வாயில் எடுத்த மட்டங்களை, 56 கனமீட்டர் வெள்ளத்துக்குக் கீழ்முனையாகக் கொடுத்தால் என்ன ஆகும்? ஓட்டம் கூடியிருக்கிறது, மட்டம் கூடவில்லை. கடைசிக் குறுக்குவெட்டு உறிஞ்சு குழாய் போலத் தண்ணீரை இழுக்கும். வேகம் தாறுமாறாக ஏறும், மட்டம் பாலம் வரைக்கும் தாழும். மாடல் ஓடி முடியும், படமும் அழகாக வரும், பாலம் பத்திரமாக இருப்பதாக அறிக்கையும் போகும். கடைசி இரண்டு குறுக்குவெட்டுகளின் வேகத்தை யாராவது பார்த்தால்தான் தெரியும். நான் பார்த்த மாடல்களில் அடிக்கடி கண்ட பிழை இதுதான்.

ஆகவே, நடந்து முடிந்த வெள்ளத்தை வைத்து மானிங் எண்ணைச் சரிசெய்யும்போது இது முதல் தேர்வு. வடிவமைப்பு வெள்ளத்துக்கு (அந்த 50 ஆண்டு வெள்ளம் மாதிரி), கீழேயுள்ள மட்டம் நம் ஆற்றைச் சட்டைசெய்யாத இடத்தில் மட்டும் பயன்படும். அப்படி ஒன்று கடல்.

பாம்பாறு, கோட்டக்கரையாறு வடிநிலங்களின் தண்ணீர் கிழக்கே பாக் விரிகுடாவுக்குப் போகிறது. அங்கே ஓத (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்கும்) ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அட்டவணையைப் பார்த்துப் போட்டுவிடலாம் போலத் தெரியும். இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ஓத அட்டவணையின் பூஜ்யம் தாழ்ந்த ஓத மட்டத்தை ஒட்டிய கடல் வரைபட மட்டம். உங்கள் சர்வேயின் பூஜ்யம் சராசரிக் கடல்மட்டம். மாற்றாமல் போட்டால் ஆறு முழுக்க அந்த வித்தியாசம் ஏறிக்கொள்ளும், ஓத வீச்சே சிறிதாக இருக்கும் இடத்தில் அது பெரிய தொகை. இரண்டாவது, கோடையில் முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்துக்கொண்டிருக்கும். முதல் வெள்ளத்தில் மட்டத்தைத் தீர்மானிப்பது கடல் இல்லை, அந்தத் திட்டுதான். அப்புறம் புயல். 2018 நவம்பர் 16-இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. புயல் கடலை உயர்த்தும் அதே நாளில்தான் மழையும் கொட்டுகிறது. சாதாரண நாள் ஓதத்தைக் கொடுத்துவிட்டுப் புயல்மழை வெள்ளத்தை மேலே விடுவதில் அர்த்தமில்லை.

மட்டக் கணக்கு கண்மாயிலும் கடித்துவைக்கும். பல கண்மாய்களில் கலுங்கு முடியையோ மடைப் படியையோ 100.000 என்று தற்காலிகமாக வைத்துக்கொண்டுதான் சர்வே நடந்திருக்கும். அதையும் ஆற்றுச் சர்வேயையும் இணைத்த யாரோ ஒருவர் ஒரு பெஞ்ச்மார்க்கைத் தவறாகப் படித்திருந்தால் முடிந்தது. எனக்கே ஒருமுறை ஆனது. ஒரே கலுங்குக்கு இரண்டு வரைபடங்களில் 42 சென்டிமீட்டர் வித்தியாசம். பத்து மீட்டர் தவறு என்றால் மாடல் உடனே கத்திவிடும். 42 சென்டிமீட்டர் சத்தமே போடாது. மட்டம் பார்க்கும் ஆட்டோலெவல் கருவியை எடுத்துக்கொண்டு போய் வெயிலில் நின்று அளந்த பிறகுதான் எது சரி என்று தெரிந்தது.

இன்னொரு சின்ன விஷயம்: ஆரம்ப மட்டம் மாடலின் தொடக்க நிலையோடு ஒத்துப்போகாவிட்டால் முதல் சில நிமிடங்களில் ஒரு போலி அலை கிளம்பி மேலே ஓடும். முதல் சில மணி நேரத்தைச் சூடேற்றும் நேரமாக விட்டுவிடுங்கள்.

ரேட்டிங் கர்வ்

இவ்வளவு ஓட்டம் என்றால் இவ்வளவு மட்டம் என்ற உறவு. இந்த உறவு எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து இது மிக நல்லதாகவும் இருக்கும், மோசமாகவும் இருக்கும்.

ஆற்றில் அளவெடுத்து வரைந்த வளைவு என்றால் இரண்டு கேள்வி. எவ்வளவு உயரம் வரைக்கும் அளந்திருக்கிறார்கள்? 1.5 மீட்டர் வரைக்கும் புள்ளிகள் இருக்கும், 3 மீட்டர் வரைக்கும் கோடு போகும். மேல்பாதி வெறும் பேனா. கரை தாண்டி வயலில் தண்ணீர் பரவியதும் அந்தக் கோட்டுக்கு மதிப்பில்லை. இரண்டாவது, வளையம். வெள்ளம் ஏறும்போது நீர்ப்பரப்பின் சரிவு படுகையின் சரிவைவிடச் செங்குத்தாக இருக்கும். அதே மட்டத்தில் கூடுதல் தண்ணீர் போகும். இறங்கும்போது தலைகீழ். 1916-இல் ஜோன்ஸ் கொடுத்த திருத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டால், நம் ஆற்றில் மட்டம் மணிக்கு அரை மீட்டர் ஏறும்போது வளைவு சொல்வதைவிட 9 சதவீதம் கூடுதலாகப் போகிறது. பொறுத்துக்கொள்ளலாம். கடற்கரையை நெருங்கிச் சரிவு 5000-க்கு 1 ஆகி, வெள்ள அலை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகரும் இடத்தில் அதே ஏற்றத்துக்கு 30 சதவீதம். அங்கே ஒற்றைக் கோட்டு வளைவைக் கீழ்முனையில் வைத்தால் உச்ச வெள்ளத்தின் நேரமும் அளவும் இரண்டுமே கலையும்.

கலுங்கு விஷயம் வேறு. அது கல்லில் கட்டிய உறவு. தடிமனான முடி கொண்ட கலுங்குக்கு, முடிமேல் நிற்கும் தண்ணீரின் உயரத்தை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி, நீளத்தாலும் 1.7-ஆலும் பெருக்கினால் ஓட்டம். 30 மீட்டர் கலுங்கில் 60 சென்டிமீட்டர் மறுகால் போனால், அதாவது அவ்வளவு உயரத்துக்கு வழிந்தால், விநாடிக்கு ஏறத்தாழ 24 கனமீட்டர், 1 மீட்டர் போனால் 51. நம் வெள்ளத்துக்கு 1.06 மீட்டர் தேவை. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே கணக்கு, வளையம் இல்லை. கணக்குப் போடுவதற்கு இதைவிட உறுதியான இடம் ஆற்றில் கிடையாது என்பது என் கட்சி.

ஆனால் கலுங்கைப் போய்ப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் நீளம் 30 மீட்டர். நேரில் முடிமேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்கும், தண்ணீர் போகும் நீளம் அந்த அளவுக்குக் குறையும். கற்களுக்கு நடுவே மண்ணோ மணல் மூட்டையோ வைத்து இன்னும் ஒரு முழம் தண்ணீர் தேக்குவது விவசாயிகளின் பழைய பழக்கம். அப்போது கலுங்கின் முடி வரைபடத்தில் இருக்கும் இடத்தில் இல்லை. சங்கிலிக் கண்மாய்களில் கீழ்க்கண்மாய் நிறைந்து அதன் தண்ணீர் மேல்கலுங்கின் காலடி வரைக்கும் ஏறியிருக்கலாம். கலுங்கு முடிக்கு மேலே இந்தப் பக்கம் இருக்கும் உயரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பக்கமும் வந்துவிட்டால் சூத்திரம் செல்லாது. கலுங்கு முங்கிவிட்டது, உங்கள் கீழ்முனை அடுத்த கண்மாய்க்கு நகர்ந்துவிட்டது.

ஃப்ளோ ஹைட்ரோகிராஃப்

கீழ்முனையில் வெளியேறும் ஓட்டத்தையே கட்டளையாகக் கொடுப்பது. வைகையில் விரகனூர், பார்த்திபனூர் மதகணைகள் மாதிரி, திறப்பு ஆள் கையில் இருக்கும் இடத்துக்குத் தோன்றும் யோசனை. நான் கிட்டத்தட்ட எப்போதும் வேண்டாம் என்பேன்.

காரணம் எளிது. உள்ளே 56 கனமீட்டர் வருகிறது, வெளியே 5 சதவீதம் குறைத்துக் கொடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். மீதி 2.8 கனமீட்டர் ஒரு நாளில் 2.4 லட்சம் கனமீட்டர் ஆகிறது. 5 கிலோமீட்டர் நீளம், 30 மீட்டர் அகல ஆற்றில் அது போக வேறு இடம் இல்லை, மட்டம் 1.6 மீட்டர் ஏறிவிடும். கூட்டிக் கொடுத்தாலோ ஆறு வறண்டு மாடல் நின்றுவிடும். வெள்ள அளவீட்டில் 5 சதவீதத் துல்லியம் யாருக்கும் கிடைப்பதில்லை. ஷட்டர் இருக்கும் இடத்தில் ஷட்டரையே அதன் இயக்க விதியோடு மாடலுக்குள் வைத்து, முனையைக் கொஞ்சம் கீழே தள்ளுவது மேல்.

பட்டியலில் இல்லாத வழி: கண்மாயை உள்ளே எடுப்பது

தம்பியின் ஆற்றுக்கு நான் சொன்னது இது. கண்மாயை எல்லையாக வைக்காமல் மாடலுக்குள் ஒரு நீர்த்தேக்கப் பகுதியாக வரைந்து, கலுங்கை வியராக (தண்ணீர் வழியும் தடுப்பாக) கொடுத்து, மாடலைக் கலுங்குக்குக் கீழே மறுகால் ஓடையில் முடிப்பது. அங்கே நார்மல் டெப்த் போட்டாலும் கவலையில்லை. கலுங்கு முங்காத வரைக்கும் அந்தத் தவறு அதைத் தாண்டி மேலே வராது.

இதில் கிடைக்கும் பெரிய லாபம் கொள்ளளவு. நீர்ப்பரப்பு 100 ஹெக்டேர் உள்ள கண்மாயில் 1 மீட்டர் ஏற 10 லட்சம் கனமீட்டர் வேண்டும். 56 கனமீட்டர் வெள்ளம் உச்சத்திலேயே வந்துகொண்டிருந்தாலும் 5 மணி நேரம். கலுங்குக்கு 1 மீட்டர் கீழே தண்ணீர் இருக்கும்போது வந்த வெள்ளமும் நிறைந்து மறுகால் போகும்போது வந்த வெள்ளமும் பாலத்தில் ஒன்றாக நடந்துகொள்ளாது. அக்டோபர் முதல் மழையில் அசையாத பாலம் டிசம்பரில் ஏன் முங்குகிறது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

செலவு? கண்மாயின் மட்ட-கொள்ளளவு அட்டவணை வேண்டும். அலுவலகத்தில் கிடைப்பது தூர்ந்துபோவதற்கு முந்தைய கணக்காக இருக்கலாம். மழைக்கு முன்னால் உள்வாயில் (கண்மாயில் தண்ணீர் நிற்கும் பரப்பில்) நான்கு குறுக்குச் சர்வே எடுத்தால் போதும். மேல் ஒன்றரை மீட்டர்தான் வெள்ளத்துக்கு முக்கியம். அப்புறம் ஆரம்ப மட்டம் எது என்ற தீர்மானம். வடிவமைப்புக்கு நிறைந்த கண்மாய் என்று வைப்பதுதான் என் வழக்கம். மாடல் கொஞ்சம் கனமாகும், கணக்கிடும் நேர இடைவெளியைக் குறைக்க வேண்டிவரும். ஒரு தேநீர் நேரம் கூடுதல்.

ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | வேண்டிய தரவு | மறைந்திருக்கும் செலவு | வராத வெள்ளத்துக்கு |
|---|---|---|---|---|
| நார்மல் டெப்த் | நீண்ட சீரான ஆறு, கீழே தடுப்பு இல்லை | சரிவு, மானிங் எண் | கூடுதல் தூரச் சர்வே, சீமைக்கருவேலம் | முனை தூரத்தில் இருந்தால் சரி |
| ஸ்டேஜ் ஹைட்ரோகிராஃப் | நடந்த வெள்ளம், கடல் | மணிவாரி மட்டம் | பூஜ்ய மட்டச் சிக்கல், பழைய வெள்ளம் உள்ளே ஒளிந்திருப்பது | கடலில் மட்டும், புயல் ஏற்றத்தோடு |
| ரேட்டிங் கர்வ், ஆற்றில் அளந்தது | நல்ல அளவீட்டு நிலையம், செங்குத்தான சரிவு | உயர் வெள்ளம் வரை அளவீடு | வளையம், நீட்டிய கோடு | அளந்த எல்லை வரை |
| ரேட்டிங் கர்வ், கலுங்கு | முங்காத கலுங்கு | நீளம், முடி மட்டம் | குத்துக்கல், மணல் மூட்டை | கரை நிற்கும் வரை நல்லது |
| ஃப்ளோ ஹைட்ரோகிராஃப் | அரிது | துல்லியமான வெளியேற்றம் | தண்ணீர்க் கணக்குப் பிழை சேர்ந்துகொண்டே போகும் | வேண்டாம் |
| கண்மாயை உள்ளே எடுப்பது | பாலத்துக்குக் கீழே கண்மாய் | கொள்ளளவு, கலுங்கு, ஆரம்ப மட்டம் | உள்வாய்ச் சர்வே | நல்லது |

எதைத் தேர்ந்தாலும் ஒரு சோதனையை விடாதீர்கள். கீழ்முனை மட்டத்தை அரை மீட்டர் கூட்டியும் குறைத்தும் இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய இடத்தில் மாற்றம் ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் எந்த வழி என்ற விவாதத்தை அதோடு விட்டுவிடலாம். அதற்கு மேல் இருந்தால், முனையைத் தள்ள வேண்டும், அல்லது அந்த இடத்தில் தண்ணீரை ஆளுவது எது என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

தம்பி போய்ப் பார்த்தார். இரண்டு நாள் கழித்துக் கலுங்கில் நின்றுகொண்டே கூப்பிட்டார். "அண்ணே, குத்துக்கல்லுக்கு நடுவுல மூட்டை அடுக்கியிருக்காங்க. டேப் வச்சுப் பார்த்தேன், 45 சென்டி." கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் நீர்பாய்ச்சியும் பக்கத்தில் இருந்திருக்கிறார். வெள்ளத்தன்று மூட்டையை எடுத்துவிடுவீர்களா என்று கேட்டதற்கு, "பகல்ல வந்தா எடுப்போம் தம்பி. ராத்திரி வந்தா யாரு போறது?" என்றாராம்.

மூட்டையோடு ஒன்று, மூட்டை இல்லாமல் ஒன்று என இரண்டு தடவை ஓட்டினார். பாலத்தில் வித்தியாசம் 20 சென்டிமீட்டர். மூட்டை இருக்கும் மட்டத்தை வைத்துத்தான் பாலத் தளத்தின் அடிப்பக்கம் எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்று குறித்திருக்கிறார்.